அரைக்கட்டை வித்தியாசம்

சங்கீத உலகில் சண்டைக்குப் பஞ்சமில்லை. பாடகர்களைப் பற்றிச் சண்டை போட்டது போதாதென்று, ஒரே பாட்டின் மூன்று தட்டுகளைப் பற்றியும் சண்டை போட்டார்கள் என் நண்பர்கள். அதற்கு மத்தியஸ்தம் செய்யப் போய், நானே குற்றவாளிக் கூண்டில் நின்றேன்.

பாட்டு, எஸ். ஜி. கிட்டப்பா பாடிய 'எவரனி'. அடையாற்று நண்பர் எல்.பி. தட்டுதான் உயர்த்தி என்றார். தியாகராயநகர்க்காரர் சி.டி. கட்சி. மயிலாப்பூரில் என் வீட்டிலோ பாட்டியின் பழைய தட்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமபோனை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு போய்ச் சேர்ந்தேன்.

கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். கிட்டப்பா 1906-ல் பிறந்து, 1933-ல், 27 வயதிலேயே மறைந்தார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டிய சாரீரம். அதில் நமக்கு மிஞ்சியது அரக்குத் தட்டுகளில் பதிந்தவைதாம். பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். 1925 வரை புனலின் முன் நின்று பாடினார்கள். பிறகு மின்சாரப் பதிவு வந்தது. எல்லாவற்றையும் '78 சுற்றுத் தட்டு' என்று நாம் அழைக்கிறோமே தவிர, ஆரம்ப நாட்களில் கம்பெனிக்குக் கம்பெனி வேகம் மாறும். நிமிஷத்துக்கு எழுபது சொச்சமும் உண்டு. எண்பதுக்கு மேலும் உண்டு.

முதலில் சி.டி. கேட்டோம். துடைத்த கண்ணாடி போல் இருந்தது. ஆனால் இரைச்சலை வடிகட்டியவர்கள், அதே உச்சத்தில் ஒலிக்கும் நாதத்தின் மினுக்கையும் சேர்த்தே வடிகட்டிவிட்டார்கள். எல்.பி.யில் இரைச்சல் இருந்தது. குரலுக்குக் கூர்மையும் இருந்தது. என் தட்டு கரகரத்தது. அந்தக் கரகரப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் மூச்சு வாங்குவது கேட்டது.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடையாற்று நண்பர் ஆர்மோனியத்தைத் திறந்தார். மற்ற இரண்டும் ஒரே சுருதி. என்னுடையது அரைக்கட்டை கீழே!

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, ஓய்!" என்று சிரித்தார்.

தளரவில்லை. வேகக் குமிழின் அருகில் 74-க்கு நேராக ஒரு கீறல் உண்டு. பாட்டி கொண்டை ஊசியால் போட்டது. சிறுமியாயிருந்தபோது கிட்டப்பாவின் நாடகம் பார்த்தவள் அவள். "என்னடா இது, ரயிலுக்குப் போறவன் மாதிரி பாடறார்? கொஞ்சம் மெதுவா விடு" என்பாள். குமிழைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கையைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது. அங்கேதான் கீறினாள். 78-க்கும் 74-க்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அரைக்கட்டை.

பாட்டி சொன்னது சரியானால், கிட்டப்பாவின் மேல் சுருதியைப் பற்றி நாம் அடையும் பரவசத்தில் அரைக்கட்டை மோட்டாருக்குச் சேர வேண்டியது. தவறானால், ஒரு மகாவித்வானின் சுருதியை இத்தனை வருஷமாக நான் இறக்கி வைத்திருக்கிறேன். கீறல் போட்ட அன்று அவளுடைய ஞாபகத்துக்கும் எழுபது வயது.

இரைச்சல் வேண்டுமா வேண்டாமா என்பது ருசியைப் பொறுத்தது. வேகம் அப்படியல்ல. மறுபதிப்புச் செய்பவர்கள் எந்த வேகத்தில் ஓட்டினோம் என்று உறையில் ஒரு வரி போட்டால், இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

வீடு திரும்பியதும் குமிழை 78-க்குத் தள்ளிக் கேட்டேன். அபாரமாகத்தான் இருந்தது. மறுபடி கீறலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.