சவரக்கத்தியும் எங்கள் வீட்டுத் திண்ணையும்



என் சிறுவயதில் அப்பாவுக்குச் சவரம் செய்ய ஒரு பெரியவர் வருவார். வெந்நீரால் தாடியை நன்றாக ஊறவைப்பார். கத்தியைத் தோல்வாரில் தீட்டுவார். இடக்கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே வழிப்பார். பத்தே நிமிடம், ஒரு கீறல் இருக்காது. அவசரப்படாததே அந்த வேகத்தின் ரகசியம்.

அந்தக் கைப்பக்குவம் எல்லோருக்கும் வராது. அதனால்தான் பாரிஸில் கத்தி செய்யும் தொழில் செய்த ழான் ழாக் பெரே என்பவர், தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலையைப் பற்றி 1769-இல் ஒரு நூலே எழுதினார். ஆழமாக வெட்டாதபடி கத்திக்கு மரக்காப்பும் பொருத்தினார். பிறகு ஜில்லெட் வந்தது. 1903-இல் விற்றது வெறும் 51 ரேசர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அதை வழங்கிய பிறகு, சவரக்கத்தி மெல்ல மெல்ல ஒதுங்கியது.

அப்பா தன் கழுத்தையே அந்தப் பெரியவரை நம்பிக் கொடுத்தார். ஆனால் அவரைத் திண்ணை தாண்டி உள்ளே அழைத்ததே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. இத்தனை வருடம் வரலாறு நடத்தியும் இந்தப் பாடத்தை உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.