பாதி ஐஸ்

2017இல் கனடாவின் ஹாக்கி நிர்வாக அமைப்பு ஒரு விதி போட்டது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இனி முழு ஆடுகளத்தில் ஆட்டம் ஆடக் கூடாது. பாதி ஐஸ், அல்லது அதைவிடச் சிறியது. 2019இல் அதே விதி ஏழு, எட்டு வயதுக்காரர்களுக்கும் வந்தது. பல பெற்றோர்களுக்குக் கோபம். 'இது ஹாக்கியே இல்ல', 'காசு கட்டுறது முழு ஐஸுக்கு', 'என் பையன் ஆஃப்சைடு எப்போ கத்துக்குவான்?' என்கிற மாதிரியான கோபம். ஹாக்கியைத் தன் பரம்பரைச் சொத்தாக நினைக்கும் நாட்டில், ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு பெரிய இடத்தில் விளையாட வேண்டும் என்பது சண்டைக்குரிய விஷயமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெற்றோர்களின் தாத்தாக்கள் யாரும் முழு ஐஸில் ஹாக்கி கற்றுக்கொண்டவர்கள் இல்லை.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி ஆடுகளம் ஏறத்தாழ 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். அணிக்கு ஐந்து பேர், ஒரு கோல்காப்பாளர். வளர்ந்தவர்களுக்காக வைத்த அளவு இது. ஆறு வயதுப் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் சீக்கிரம் வளர்ந்த, சறுக்கத் தெரிந்த ஒருவன் பக்கை எடுத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவான். மற்ற பிள்ளைகள் அவன் முதுகைப் பார்த்தபடி பின்னால் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் அவன் கோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பான். மேலே உட்கார்ந்து பார்க்கும் அப்பாவுக்கு இது டிவியில் பார்க்கும் ஹாக்கி மாதிரியே தெரியும்.

சிறுகள ஆட்டம் என்பது இதற்கு மாற்று. ஆடுகளத்தின் குறுக்கே மெத்தைத் தடுப்புகள் வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் மூவருக்கு மூவர், அல்லது நால்வருக்கு நால்வர். சின்ன கோல். அமெரிக்காவில் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பக்கூட எடை குறைவு, நீல நிறம். பக் எங்காவது சிக்கிக்கொண்டால் கோச் இன்னொன்றை உள்ளே எறிவார், ஆட்டம் நிற்காது. ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு எதிராளி, ஒரு தோழன், ஒரு கோல். ஃபுட்சால் ஆடிய கால்களுக்கு இது உடனே புரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது விதிகளோடு கோச் செய்யும் குறும்பு. இரண்டு கோல்களையும் நடுவில் முதுகோடு முதுகாக வைத்துவிட்டால், கோலுக்குப் பின்னால் சுற்றி ஆடுவதை யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாக வந்துவிடும். இரண்டு பாஸுக்குப் பிறகு விழுந்த கோல்தான் செல்லும் என்றால் தலை நிமிர்ந்துதான் ஆக வேண்டும். பக் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பக்கம் ஆடும் ஒரு 'பொது ஆள்' இருந்தால், பந்தயமே தலைகீழாகும். ட்ரில் அப்படி இல்லை. கோன்களை வரிசையாக வைத்து, பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக அனுப்புவது ட்ரில். எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கோன் வைத்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது கீழ்ப்படிவதும் தன் முறைக்குக் காத்திருப்பதும்தான். ட்ரில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பின்னோக்கிச் சறுக்குவதை அப்படித்தான் பழக முடியும். ஆனால் எப்போது பின்னோக்கிச் சறுக்க வேண்டும் என்பதைக் கோன் சொல்லித்தராது.

கனடாவின் தாத்தாக்களுக்குக் குளம் இருந்தது. 1875 மார்ச் 3ஆம் தேதி மான்ட்ரியாலின் விக்டோரியா சறுக்கு அரங்கில் நடந்ததைத்தான் கூரைக்குக் கீழ் நடந்த முதல் முறையான ஆட்டம் என்பார்கள். அதன் பிறகும் பல தலைமுறைகளுக்கு ஹாக்கி கற்கும் இடம் உறைந்த குளமும் கொல்லைப்புறமும்தான். பனியை வாரித் தள்ளிய வரைதான் மைதானம். பெரியவனும் சிறியவனும் கலந்து ஆடுவார்கள். கோச் கிடையாது, விசில் கிடையாது. பிராண்ட்ஃபோர்டில் வால்டர் கிரெட்ஸ்கி தன் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்த சின்ன ஐஸில்தான் மகன் வெய்ன் வளர்ந்தான். பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல் அடித்த பையன் அவன். அந்தக் கொல்லையிலும் வால்டர் டப்பாக்களை வைத்து ட்ரில் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு ஊருக்கு ஊர் அரங்கம் வந்தது. ஐஸை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள், அட்டவணை போட்டார்கள், லீக் நடத்தினார்கள். குளத்தில் கிடைத்தது அரங்கத்துக்குள் வரவில்லை.

மாஸ்கோவின் கதை வேறு. சோவியத் ஒன்றியத்தில் முதல் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் நடந்தது 1946 டிசம்பரில்தான். அதுவரை அவர்கள் ஆடியது பேண்டி: கால்பந்து மைதானம் அளவு ஐஸ், பதினொரு பேர், பந்து. செயற்கை ஐஸுக்கு மாஸ்கோ தவித்தது. ஆரம்பத்தில் கிடைத்தது சிறுவர் பூங்கா ஒன்றில் இருந்த மிகச் சிறிய ஐஸ். அந்த இல்லாமையில் வேலை செய்தவர்தான் அனதோலி தராசோவ். ஐஸ் இல்லாத மாதங்களில் தரையில் கால்பந்து, கூடைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ். ஐஸ் கிடைத்தால் அந்தச் சின்ன இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். அவர் வளர்த்த ஹாக்கியில் பக்கை வைத்திருப்பவனைவிட வைத்திருக்காத நால்வரும் எங்கே ஓடுகிறார்கள் என்பதே முக்கியம். 1954இல், முதல்முறை கலந்துகொண்ட உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே, சோவியத் அணி கனடாவை 7-2 என்று வென்று பட்டம் வாங்கியது.

1964இல் தராசோவ் 'தங்கப் பக்' என்ற சிறுவர் போட்டியைத் தொடங்கிவைத்தார். கிளப்பில் இல்லாத பிள்ளைகளுக்காக, குடியிருப்பு முற்றங்களில் ஆடுகிறவர்களுக்காக. இதைப் படித்துவிட்டு அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். அவர் உருவாக்கிய ராணுவக் கிளப்பில் பிற்காலத்தில் வீரர்கள் வருடத்தில் பெரும்பகுதி முகாமிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். சின்ன ஐஸில் பிள்ளைக்குக் கிடைத்த சுதந்திரத்தைப் பெரியவனானதும் அந்த அமைப்பே பிடுங்கிக்கொண்டது.

1972 செப்டம்பர் 2, மான்ட்ரியால். தொழில்முறை வீரர்களோடு முதல்முறை மோதிய கனடா 7-3 என்று தோற்றது. எட்டு ஆட்டத் தொடரைக் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வென்றது, 34 விநாடி மிச்சமிருக்கும்போது. ஜெயித்த மகிழ்ச்சியில் பாடம் கொஞ்சம் மறந்துபோனது என்றுதான் நினைக்கிறேன். 1974இல் தராசோவை டொராண்டோவின் ஹாக்கிப் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். அவருடைய வழியைச் சிறுவர் லீக்கில் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இடையில் இன்னொரு உண்மை வெளியே வந்தது. ராஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1985இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், மேல்மட்ட வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டினார். வயதைக் கணக்கிடும் தேதி ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவன், உயரமானவன், எனவே 'திறமைசாலி'. முழு ஐஸில் பக்கோடு தனியே ஓடும் அந்த ஒருவன் யார் என்று இப்போது தெரிகிறதா? பின்னால் ஓடியவர்களில் எத்தனை பேர் பத்து வயதில் சறுக்குக் காலணியைக் கழற்றிப் போட்டார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் கனடாவின் ஆண்கள் ஹாக்கி அணி பதக்கமின்றித் திரும்பியது. அடுத்த வருடம் டொராண்டோவில் கூடிப் பேசியவர்கள், பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் அதிகம், பயிற்சி குறைவு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் முந்தியது அமெரிக்கா. 2009இல் அங்கே வந்த புதிய வளர்ச்சித் திட்டம் எட்டு வயதுக்குட்பட்டவர்களைக் குறுக்கு ஐஸுக்கு மாற்றியது. பெற்றோர்களுக்குப் புரியவைக்க ஒரு வேலை செய்தார்கள். பிள்ளைக்கு முழு ஐஸ் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அந்த விகிதத்தில் பெரிதாக்கிய ஆடுகளத்தில், பெரிய கோல் வைத்து, வளர்ந்தவர்களை ஆடவிட்டார்கள். மூச்சு வாங்கியது. பக்கைத் தொடவே முடியவில்லை.

அதற்கும் எட்டு வருடம் கழித்துத்தான் கனடாவின் விதி.

நமக்கு இதெல்லாம் தூரம் என்று தோன்றலாம். 2017 சீ விளையாட்டுப் போட்டியில் முதல்முறையாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டது, அதுவும் கோலாலம்பூரில். இங்கே ஐஸ் என்றால் மால்தான். சன்வே பிரமிட்டில் வாடிக்கையாளர்கள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறும் அதே ஐஸ்தான் ஹாக்கிப் பிள்ளைகளுக்கும். அந்தப் போட்டியில் ஆண்கள் தங்கம் பிலிப்பைன்ஸுக்கு. அங்கேயும் குளம் உறைவதில்லை, மாலில்தான் பழகுகிறார்கள்.