சபைக் கூச்சமும் பல்கீயின் மருந்துப் பெட்டியும்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், தனியே அமர்ந்தால் மிக அழகாகக் கிராஅத் ஓதுவார். ஆண்டு விழா மேடையில் ஏற்றினாலோ நா வறண்டு, கை நடுங்கி, பாதியிலேயே இறங்கிவிடுவார். பயிற்சி போதவில்லை என்று நாம் கடிந்துகொண்டோம். பெற்றோரோ, பிள்ளைக்கு ஹயா அதிகம் என்று மகிழ்ந்தனர். மறு ஆண்டு அவர் மத்ரஸாவுக்கு வரவில்லை. நாமும் தவறினோம், அவர்களும் தவறினார்கள்.

ஹயா ஈமானின் ஒரு கிளை. அது தீமையை விட்டுத் தடுப்பது. ஸலாம் சொல்லவும், ஐயம் கேட்கவும், ஜமாஅத்தில் கலக்கவும் விடாமல் நன்மையையே தடுக்கும் அச்சம் ஹயா ஆகாது. அதற்கு மருத்துவம் வேண்டும். அந்த மருத்துவத்தின் வரலாற்றில் நாம் மறந்த ஒரு பெயர் உண்டு.

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் பிறந்து, பக்தாதில் கல்வி கற்று, 934ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 322) மறைந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்). ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் தம் நூலில், உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே அவர் ஆராய்ந்தார். கோபம், அச்சம், கவலை, வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதினார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்துவைக்க வேண்டும் என்றார். மூடுபனி தொலைவிலிருந்து காண்பவனுக்குச் சுவர்போல் தோன்றும். உள்ளே சென்றால் வெறும் காற்றே. பல அச்சங்களும் அத்தகையவையே என்று விளக்கினார். அஞ்சும் பொருளை மீண்டும் மீண்டும் அணுகிப் பழகுவதையே மருந்தாகவும் சொன்னார்.

அந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலின் அயாசோஃபியா நூலகத் தொகுப்பில் நெடுங்காலம் இருந்தது. 1984இல் ஃபுவாத் செஸ்கின் அதன் நகலைப் பதிப்பித்தார். உள்ளத்தைப் பற்றிய பகுதியைச் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் தந்தார்.

ஆயினும், எல்லாம் நம்மிடமிருந்தே சென்றது என்று நாம் பெருமை பேசுவது நேர்மையாகாது. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுற்றோரின் எண்ணங்களை ஆராய்ந்து, தம் வழியிலேயே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கினார். 1980இல் அமெரிக்க மனநலக் கையேடு சமூக அச்சத்தைத் தனி நோயாக ஏற்றது. 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவரும் அதன் உள்ளியக்கத்தை விளக்கினர். அஞ்சுபவரின் கவனம் எதிரில் உள்ளவரை விட்டுத் தம் நடுக்கத்தின் மீதே குவிகிறது. தப்பிக்க அவர் பார்வையைத் தாழ்த்துகிறார். பேசும் சொற்களை முன்கூட்டியே மனத்தில் ஒத்திகை பார்க்கிறார். இவையே அச்சத்தை நிலைக்கச் செய்கின்றன. இவற்றைக் கைவிட்டுப் பேசிப் பார்க்கும்போது, அஞ்சிய விபரீதம் நிகழவில்லை என்பதை அவரே காண்கிறார்.

இங்கு ஓர் இடர் உண்டு. அந்நியரிடம் பேச அஞ்சுபவர் மருத்துவரிடம் மட்டும் எவ்வாறு செல்வார்? இதற்குச் சுவீடன் நாட்டவர் வழி கண்டனர். கெர்ஹார்ட் ஆண்டர்சன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 64 பேருக்கு ஒன்பது வாரப் பாடங்களை இணையவழியே சோதித்தனர். வாரம் ஒரு பாடமும் வீட்டுப் பயிற்சியும் உண்டு. சிகிச்சையாளர் மின்னஞ்சலில் வழிகாட்டினார். நேரில் கூடிப் பழகும் அமர்வுகளும் இணைக்கப்பட்டன. காத்திருந்தோரைவிடச் சிகிச்சை பெற்றோர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். 2007இல் ஸ்டாக்ஹோமில் இணையவழி மனநலப் பிரிவே தொடங்கப்பட்டது.

திரை முதல் படியை எளிதாக்குகிறது; எனினும் பாடம் படித்தவர் கதவைத் திறந்து மனிதரிடம் சென்றே தீரவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையோர் தாமதமின்றி மருத்துவரை நேரில் காணவேண்டும்.

ஃபிர்அவ்னிடம் செல்லுமுன் மூஸா நபி (அலை) அவர்கள், நெஞ்சம் விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் இறைவனிடம் இறைஞ்சினார்கள். துணைக்குச் சகோதரர் ஹாரூனையும் (அலை) கேட்டார்கள். துஆ கேட்டவர்கள் துணையும் தேடினார்கள். அன்று அந்த மாணவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஹாரூன். நாம் தந்தது கடிந்துரையே. நம் வீட்டுப் பிள்ளை சபைக்கு அஞ்சி ஒதுங்கும்போது, கடியாமலும் புகழாமலும் அருகில் அமர்ந்து கேட்போமாக.