நீலமும் மஞ்சளும் கட்டிக்கொண்ட கதை

1959-இல் அமெரிக்காவில் வெளியான ‘சின்ன நீலம், சின்ன மஞ்சள்’ என்ற படப் புத்தகத்தில் யாருக்கும் முகம் கிடையாது. கண் இல்லை, கை கால் இல்லை. கையால் கிழித்த வண்ணக் காகிதத் துண்டுகள்தாம் அப்பா, அம்மா, பிள்ளை, பள்ளித் தோழர்கள் எல்லாரும். பெரிய துண்டு இரண்டின் நடுவே சின்னத் துண்டு ஒன்று நின்றால் அது குடும்பம் என்று மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடச் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

இதைச் செய்தவர் லியோ லியோனி. 1910-இல் ஆம்ஸ்டர்டாமில் யூதத் தந்தைக்குப் பிறந்து, இத்தாலியில் குடும்பம் நடத்தியவர். 1938-இல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். விளம்பரத் துறையில் பெயரெடுத்து, 1948-இல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகையின் கலை இயக்குநரானார்.

கதை பிறந்தது ரயிலில். பேரக் குழந்தைகள் இருவரோடு மன்ஹாட்டனிலிருந்து கிரீனிச்சுக்குப் போகும் வழியில், அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியவில்லை. கையிலிருந்த ‘லைஃப்’ இதழின் பக்கத்தைக் கிழித்தார். நீலம், மஞ்சள், பச்சை என்று சின்னச் சின்ன வட்டங்கள். தோல் பெட்டியை மடியில் கிடத்தி, அதையே மேடையாக்கிக் கதை சொல்ல ஆரம்பித்தார். வீடு சேர்ந்ததும் அந்த வட்டங்களைத் தாளில் ஒட்டி ஒரு மாதிரிப் புத்தகம் தயாரித்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் அதுதான் அவருடைய முதல் சிறுவர் நூல்.

பிள்ளைகளை அடக்க அந்த நேரத்தில் தோன்றிய கதை என்று இதை விட்டுவிட முடியாது. புத்தகம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1958-இல், பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ‘ஃபார்ச்சூன்’ சார்பில் லியோனி ஒரு சிறு கூடம் அமைத்திருந்தார். நிறப் பாகுபாடு உட்பட, அமெரிக்கா தீர்க்காமல் வைத்திருக்கும் பிரச்சினைகளை உலகத்தின் முன்னால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட கூடம் அது. வெவ்வேறு நிறக் குழந்தைகள் சேர்ந்து விளையாடும் பெரிய புகைப்படமும் அங்கே இருந்தது. தென் மாநில அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தார்கள். கூடத்தை மூடிவிட்டு, அந்த இடத்தில் பொதுச் சுகாதாரக் கண்காட்சி வைத்தார்கள்.

படப் புத்தகங்களையும் அந்தக் காலம் சும்மா விடவில்லை. கறுப்பு முயலும் வெள்ளை முயலும் கல்யாணம் செய்துகொள்ளும் கார்த் வில்லியம்ஸின் புத்தகத்தை எரிக்க வேண்டும் என்று, அதே 1959-இல், அலபாமா மாநில செனட்டர் ஒருவர் முழங்கினார். மாநில நூலகச் சேவையின் இயக்குநர் எமிலி ரீட் புத்தகத்தைக் கைவிடவில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கும் தனி அலமாரிக்கு அதை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியோடு லியோனியின் பக்கங்களைப் புரட்டினால் மனம் கனக்கிறது. வீட்டிலேயே இரு என்று அம்மா சொல்லியும், சின்ன நீலம் தன் நண்பன் சின்ன மஞ்சளைத் தேடித் தெருவெல்லாம் அலைகிறது. கண்டதும் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள், கட்டிக்கொண்டதில் பச்சையாகிவிடுகிறார்கள். ஆடிக் களைத்து வீடு திரும்பினால், நீ எங்கள் பிள்ளையே இல்லை என்கிறார்கள் நீல வீட்டார். மஞ்சள் வீட்டிலும் அதே பதில். பிள்ளைகள் அழுகிறார்கள். நீலச் சொட்டும் மஞ்சள் சொட்டுமாக உடம்பே கரைந்து, பிறகுதான் பழைய உருவம் திரும்புகிறது.

விட்டுக்கொடுத்தல் என்றால் இரண்டு சிறுவர் ஒரு பொம்மைக்குச் சண்டையிட்டுச் சமாதானமாவது என்றே பெரும்பாலான படப் புத்தகங்கள் காட்டுகின்றன. இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். பெற்ற பிள்ளையைக் கொஞ்சிவிட்டுச் சின்ன மஞ்சளையும் கட்டிக்கொள்ளும்போது நீல அப்பா அம்மாவின் மேலும் பச்சை படிகிறது. அப்போதுதான் அவர்களுக்கு விஷயம் விளங்குகிறது. எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்கிறார்கள். இரு வீட்டாரும் கட்டிக்கொள்கிறார்கள். லியோனி வாயால் உபதேசிக்கவில்லை, நிறத்தைக் கலந்து காட்டினார். புத்தகத்தின் உயிரே அந்தப் பக்கம்தான்.

லியோனி 1999-இல் இத்தாலியில் காலமானார். 2015-இல் அதே இத்தாலியில், வெனிஸ் நகர மேயர் லூயிஜி புருன்யாரோ மழலையர் பள்ளிகளிலிருந்து 49 புத்தகங்களை அகற்றச் சொன்னார். தற்பால் பெற்றோர், குடும்ப அமைப்பு போன்றவற்றைப் பெற்றோர்தான் வீட்டில் பேச வேண்டும் என்பது அவர் வாதம். அந்தப் பட்டியலில் ‘சின்ன நீலம், சின்ன மஞ்சள்’ நூலும் இருந்தது. எழுத்தாளர்களும் பெற்றோரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் இரண்டு புத்தகங்களுக்கு மட்டுமே தடை நீடித்தது. அந்த இரண்டில் லியோனியுடையது இல்லை.