பட்டுச் சேலையும் படக்கருவிகளும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கு அருகே, வேலூர்–திருவண்ணாமலை சாலையில் அமைந்த ஊர் கண்ணமங்கலம். பட்டு நெசவு நடக்கும் இந்த வட்டாரத்தில், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, வீட்டுக்குப் புகைப்படமும் வீடியோவும் வந்து சேர்ந்த வழி கல்யாணம். கல்யாணப் படத்தின் நடுநாயகம் பட்டுச் சேலை. ஆகவே ஸ்டூடியோ கேமரா முதல் செல்போன் வரை ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம்: தறியில் ஏறிய நிறம் படத்திலும் ஏறியதா?

கறுப்பு வெள்ளைக் காலம்

சென்னை மாகாண அரசு 1856-இல் லின்னேயஸ் டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். அரசுக்கும் அறிஞர்களுக்கும் பயன்பட்ட அந்தக் கலை பின்னர் ஸ்டூடியோக்கள் வழியாகக் குடும்பங்களிடம் வந்தது. முக்காலியில் நிறுத்திய பெரிய கேமரா, அதன் பின்னே கறுப்புத் துணி, எதிரே திரைச்சீலை, நடுவில் நாற்காலி. அங்கே எடுத்த படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து கூடத்துச் சுவரில் ஏறியது.

அந்தப் படங்களில் பட்டின் நிறம் மறைந்ததோடு மாறியும் போனது. ஆர்த்தோகுரோமடிக் எனப்பட்ட பழைய வகைத் தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு விளக்கின் கீழேயே கழுவ முடிந்ததால் அவை ஸ்டூடியோக்காரர்களுக்கு வசதியாக இருந்தன. ஆனால் அவற்றில் அரக்குச் சேலை ஏறக்குறையக் கறுப்பாக விழும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமடிக் ஃபிலிம் பரவிய பிறகு வேறொரு குறை தலைகாட்டியது. அதில் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடக்கூடும். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வையின் எடுப்பு அத்தகைய படத்தில் தெரியாது.

வீட்டார் தாமே படமெடுக்க வழி செய்தவை எளிய பெட்டி கேமராக்கள். இந்தியாவில் பரவலாகப் புழங்கிய ஆக்ஃபா கிளிக் 3, 120 வகைச் சுருளில் 12 சதுரப் படங்கள் எடுத்தது. வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று என்பதற்கு மேல் அதில் பெரிதாகத் திருப்பிவைக்க எதுவும் இல்லை. 1960-இல் தொடங்கப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் உற்பத்தியில் இறங்கி, ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டு ஃபிலிமை விற்றது.

வண்ணச் சுருள்

1980-களில் வண்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் கலர் லேப்கள் நகரங்களில் பெருகின. படத்துக்குப் பல நாள் காத்திருந்த நிலை மாறியது. யாஷிகா எம்எஃப்-2 போன்ற சிறு கேமராக்கள் 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்கள் எடுத்தன. ஃபோகஸ் திருகத் தேவையில்லை, பிளாஷ் கேமராவிலேயே இருந்தது. 4-க்கு 6 அங்குலப் படத்தை ‘மேக்ஸி சைஸ்’ என்று கேட்டு வாங்குவது வழக்கமானது.

நிறம் வந்தபின் ஒளியைக் கவனிக்க வேண்டியதாயிற்று. சாதாரண வண்ணச் சுருள்கள் பகலொளிக்கு ஏற்பத் தயாரானவை. குண்டு பல்பின் வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்க ஆரஞ்சு படர்ந்து, மாம்பழ மஞ்சள் காவியாகிவிடும். பிளாஷ் நேராக அடித்தால் ஜரிகை வெள்ளையாகப் பளிச்சிட்டு அதன் வேலைப்பாடு அழிந்துவிடும். நிழலான திண்ணையிலோ முற்றத்தின் ஓரத்திலோ பகலில் எடுத்த படமே சேலைக்கு நியாயம் செய்தது.

டெக்கும் கேசட்டும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி, வண்ண ஒளிபரப்பு வந்தது. சென்னையில் உருவான டயனோரா, சாலிடேர் டிவிகள் தமிழக வீடுகளில் இடம்பிடித்த காலம் அது. அதே காலத்தில் வந்த வீடியோ கேசட் ரெக்கார்டரைத் தமிழர்கள் ‘டெக்’ என்றே அழைத்தார்கள். விலைக்கு வாங்க முடியாதவர்கள் டிவியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள்.

வெளிநாட்டுக் கருவிகளுக்கு, பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் அமைந்த சென்னை பர்மா பஜார் பெயர்பெற்றிருந்தது. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் பணம் வீண். இந்திய ஒளிபரப்பு பால் முறையில், 625 கோடுகளில், நொடிக்கு 25 சட்டகங்களாக அமைந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறைக்கு 525 கோடுகள், ஏறத்தாழ 30 சட்டகங்கள். அந்த நாடுகளின் கருவி இங்குள்ள டிவியில் சரியான வண்ணத்தைத் தராது. அவற்றின் மின்னழுத்தமும் ஏறக்குறையப் பாதிதான் என்பதால் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். பால் முறை வழங்கிய வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கிய டெக்கை ஸ்டெபிலைசரில் இணைத்து, ஆன்டெனா கம்பியை அதன் வழியே டிவிக்குக் கொடுத்து, காலியான ஒரு சேனலில் டியூன் செய்ய வேண்டும்.

தோளில் சுமக்கும் விஎச்எஸ் கேமரா கல்யாண மண்டபத்துக்கு வந்தபோது கூடவே கண்ணைக் கூசவைக்கும் ஹாலஜன் விளக்கும் வந்தது, அதைப் பிடித்து நிற்க ஓர் ஆளும் வந்தார். முதலில் வெள்ளைத் தாளையோ வேட்டியையோ காட்டி வெண்மைச் சமநிலையை அமைத்தால்தான் நிறங்கள் நேராகும். பட்டுக்கு வீடியோ ஒரு புது நன்மையைச் செய்தது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்யும் மயில் கழுத்துச் சேலை, உடுத்தியவர் அசையும்போதுதான் தன் இரு நிறத்தையும் காட்டும். புகைப்படத்தால் முடியாத அதை வீடியோ பிடித்துத் தந்தது. ஆனால் விஎச்எஸ் நாடாவில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. அதனால் அரக்குச் சிவப்பு கரையைத் தாண்டிக் கசிந்து பரவும். பிரதி எடுக்க எடுக்கக் கசிவு மிகும்.

தட்டும் செல்போனும்

1995-இல் வந்த மினிடிவி (MiniDV) வகை டிஜிட்டல் கேசட்டுகள் கணினியில் வெட்டி ஒட்டும் வசதியைத் தந்தன. ஆனால் கல்யாணப் படம் வீட்டுக்கு வந்தது விசிடி தட்டாக. அதில் 352-க்கு 288 புள்ளிகளே உண்டு, ஒரு தட்டு 74 நிமிடம் ஓடும். நுணுக்கமான ஜரிகை புட்டாக்கள் அதில் கட்டங்கட்டமாகச் சிதறின. டிவிடி அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. தமிழக அரசு 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குல டிவியை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. கல்யாணத் தட்டைச் சொந்த வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது அதன்பின் இன்னும் எளிதாயிற்று.

செல்போன் கேமராவில் தெளிவுக்குக் குறைவில்லை. இருந்தாலும் சிறு கட்டம் போட்ட பட்டில் சில கோணங்களில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். கேமராவை முன்னே பின்னே நகர்த்தினால் அவை மறையும். மலிவான எல்இடி விளக்குகளில் சிவப்புக் கூறு குறைவு, ஆகவே அரக்கு மங்கும். மறுபுறம் பல போன்கள் நிறத்தைத் தாமாகவே கூட்டிக்காட்டும். புதிய டிவியில் ‘விவிட்’ என்ற அமைப்பு அதை மேலும் ஏற்றும். ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘சினிமா’ அமைப்பே உண்மைக்கு அருகில் நிற்கும். போனோ டிவியோ வாங்கும்போது பீரோவிலிருக்கும் சேலையைப் பகலொளியில் படமெடுத்து, சேலையையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நம்பகமான சோதனை.

இந்த வரலாற்றில் மிகப் பழைய படமே உறுதியாக நிற்கிறது. ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் தலைமுறைகளைத் தாண்டும். வண்ணப் படத்தின் சாயம் மங்கும், நாடாவில் பூஞ்சை பிடிக்கும். விஎச்எஸ் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட்டுகளை, ஓடும் டெக் எங்காவது கிடைக்கும்போதே, கணினிக்கு மாற்றி இரண்டு இடங்களில் சேமித்துவிட வேண்டும். சுவரிலுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களுக்கோ ஒரு பேனா போதும். படத்தில் இருக்கும் சேலை என்ன நிறம், கரை என்ன நிறம், எந்த ஊர்த் தறியில் நெய்தது என்பதை, சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, அந்தப் படத்தோடு சேர்த்து வையுங்கள்.