பாலாற்றுத் தோல் மாசெதிர்ப்பு இயக்கம்

நந்திமலையில் பிறந்து, ஆந்திரம் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடப்பினும், அம்மணலுக்கடியில் ஓடிய ஊற்றுநீரே இருகரைத் தென்னைகளையும் நஞ்சைகளையும் வளர்த்தது. தோல் பதனிடுதல் இப்பிரதேசத்தின் பழந்தொழில். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை நாட்கணக்கில் ஊறவைத்த முறையை, ஏற்றுமதிக் கொள்கை மாறி முழுதும் பதனிட்ட தோலே ஊக்குவிக்கப்பட்ட 1970களுக்குப்பின், குரோமிய முறை பெரிதும் அகற்றிவிட்டது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாயிற்று. கழிவிலுள்ள குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம். ஆனால் பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தடவிய உப்போ, ஊறவைத்த நீரில் கரைந்து, எளிய சுத்திகரிப்புக்கு அகப்படாமல் கிணறுகளில் சேர்ந்தது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம், தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாததாயிற்று எனக் கணித்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்த நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, 1972இன் ஸ்டாக்ஹோம் பிரகடனத்தையும் 1992இன் ரியோ மாநாட்டையும் ஆதாரமாகக் காட்டி, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் அங்கங்களே என உறுதிசெய்தது. தேசங்கள் கூடி இயற்றிய பிரகடனங்களை ஒரு மாவட்டத்தின் சாமானியக் குடிமக்கள் தம் உரிமைச் சாசனமாக மாற்றிக்கொண்டதே இவ்வியக்கத்தின் தலையாய சாதனை. உலகளாவிய குடிமைச் சமூகம் உருவாகக்கூடும் என்ற நம்பிக்கைக்கு இதனினும் வலிய சான்று இந்நாட்டில் அரிது.

எனினும் அந்நம்பிக்கையின் குறையும் இங்கேயே புலனாகிறது. 1989இல் ஜெர்மனி, தோலைக் கெடாமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற இரசாயனத்தைத் தடைசெய்தபோது இந்தியத் தோல் ஏற்றுமதியாளர் உடனே மாற்று இரசாயனங்களைத் தேட நேர்ந்தது. அத்தடை காலணியை அணிபவரின் உடல்நலத்தைக் காத்ததேயன்றி, அதன் தோலைக் கழுவிய நீரைக் குடித்தவரை எட்டவில்லை.

1996 தீர்ப்பின்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச்சு 7இல் 547 தோல் தொழிற்சாலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ஈடு நிர்ணயித்தது. அதில் நிலுவையாய் நின்றதை ஆறு வாரத்துள் அரசே வழங்கி, மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது 2025 ஜனவரி 30இல்.