பேர் தெரியாத மேளங்களும் அதுக்குப் பின்னாடி நடந்தவங்களும்

நாதஸ்வரம்னு சொன்னா டவுன்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு பேர்தான் ஞாபகத்துக்கு வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், அப்புறம் 1968-ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. அந்தப் படத்துல சிவாஜிக்காக வாசிச்சது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்னு சொல்லத் தெரிஞ்சவங்க இன்னும் கம்மி.

ஆனா எங்க தஞ்சாவூர்ப் பக்கம் ஓரளவு பெரிய கோயில் இருந்த ஊருக்கெல்லாம் ஒரு மேள செட் இருந்த காலம் உண்டு. அந்த செட்டுகளோட பேரை எந்தப் புத்தகத்துலயும் தேட முடியாது. ஆனா அதுக்கும் உசிரை விடுற ரசிகர்கள் இருந்தாங்க. ஊர்ல அவங்களுக்கு ஒரே பட்டம்தான்: 'மேளப் பைத்தியம்'. இந்தக் கட்டுரை அந்தப் பைத்தியங்களைப் பத்தினது.

முதல்ல இந்த செட்டுகள் எப்படிப் பிழைச்சதுன்னு பார்ப்போம். பல கோயில்கள்ல மேளக்காரருக்கு மானிய நிலம் உண்டு. காலையில திருப்பள்ளியெழுச்சியில இருந்து ராத்திரி அர்த்தஜாமம் வரைக்கும் வாசிக்கணும், அதுக்குக் கூலி அந்த நிலத்துல விளையிற நெல். கல்யாணம், காதுகுத்துக்குத் தனியா வரும்படி. சபாவும் டிக்கெட்டும் இல்லாமலே ஒரு சின்ன ஊரு நாலஞ்சு கலைஞர்களைக் காப்பாத்தினது இப்படித்தான். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையே நிலம். 1963-ல சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்து மானியங்களோட கணக்கே மாறினப்போ, நில உரிமையோட சேர்ந்து மேளக்காரர் பிழைப்பும் ஆட்டம் கண்டுச்சு.

இனி ரசிகர்கள். தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்சா டெல்டாவுல கை ஓயும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசின்னு திருவிழாவும் கல்யாணமும் வரிசை கட்டும். மேளப் பைத்தியங்களுக்கு அதுதான் சீசன். எந்த ஊர்ல எத்தனாம் திருநாளுக்கு யார் மேளம், ஸ்பெஷல் தவில் எந்த ஊர்க்காரர்னு எல்லாம் மனப்பாடம். மாட்டு வண்டியிலயோ, வரப்பு மேல நடந்தோ போயி, விடிய விடியக் கேட்டுட்டு, காலையில மறுபடி களத்துக்கு வந்து நிப்பாங்க.

சாமி புறப்பாட்டுல மல்லாரி வாசிச்சுக் கிளம்புற மேளம், வீதி முக்கு வந்தா நிக்கும். அங்கதான் ராக ஆலாபனை. சாமி நின்னா ஊரும் நிக்கும். ஒரே ராகத்தை மணிக்கணக்கா வாசிக்க அங்க நேரம் இருந்துச்சு. அந்தக் கால 78 சுத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான். ராஜரத்தினம் பிள்ளையோட தோடி அப்படித் தட்டுல ஏறி ஊர் ஊராப் போச்சு. திருச்சியில 1939-ல ரேடியோ நிலையம் வந்தப்புறம் இன்னும் சில பேரு காத்துல ஏறினாங்க. தட்டுக்கும் ரேடியோவுக்கும் எட்டாத மத்தவங்க வாசிப்பு நின்னது கேட்டவங்க காதுல மட்டும்தான்.

"பெரிய ஆளுங்கதானே முக்கியம், மத்தவங்களை எதுக்கு நினைக்கணும்?"னு நீங்க கேக்கலாம். அதுக்கு ஷேக் சின்ன மௌலானா ஒரு பதில். ஆந்திராவுல கரவதியில பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளை வாசிப்புல மயங்கினவர். அந்தத் தஞ்சாவூர் பாணியை அவர் கத்துக்கிட்டது நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்கள்கிட்ட. பின்னாடி ஸ்ரீரங்கத்துலயே தங்கிப் பத்மஸ்ரீ வரைக்கும் போனாரு. சின்ன மௌலானா பேரு தெரிஞ்சவங்கள்ல எத்தனை பேருக்கு அவரோட குருமார் பேரு தெரியும்? பெரிய பேரை உண்டாக்கின கை பல தடவை பேரில்லாத கைதான்.

இந்த ரசனைக்கு ஒரு அசிங்கமான பக்கமும் இருக்கு. அதை மறைச்சு எழுதினா இது வரலாறே இல்ல. வாசிப்புக்குத் தலையாட்டின அதே பெரிய மனுஷங்க, வாசிச்சவர் தோள்ல துண்டு போட்டா பொறுக்க மாட்டாங்க. துண்டு இடுப்புல இருக்கணும். சுயமரியாதை இயக்கம் சூடா இருந்த காலத்துல, கானாடுகாத்தான்ல மதுரை சிவக்கொழுந்துவைத் தோள் துண்டை எடுக்கச் சொன்னப்போ, எடுக்காம வாசிங்கன்னு பக்கத்துல நின்னவர் பட்டுக்கோட்டை அழகிரி. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, சட்டை போட்டு, மேடையில உக்காந்து வாசிச்சதெல்லாம் வெறும் டாம்பீகம்னு சொல்றவங்க இந்தத் துண்டுக் கதையை ஞாபகம் வச்சுக்கணும். பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு ஆளைக் கீழ வைக்கிற ரசனை அரைக்காசு பெறாது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லணும். கோயிலுக்குள்ள விடாத ஜனங்க. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்ததே 1939-லதான். அதுக்கு முன்னாடியும், பல ஊர்ல அதுக்கு அப்புறமும், சாமி ஊர்வலம் சேரிப் பக்கம் திரும்பாது. ஆனா நாயனச் சத்தத்துக்கு வேலி கிடையாது. ராத்திரி அடங்கின நேரத்துல, வயலைத் தாண்டி வெகுதூரம் போகும். தெருவுக்குள்ள வரவிடாத ஆளுங்க களத்து மேட்டுல உக்காந்து கேட்டாங்க. வாசிக்கிறவர் முகத்தைப் பக்கத்துல ஒருநாளும் பார்க்காத ரசிகர்கள் அவங்க. மேளத்தோட வரலாறு எழுதுறப்போ மிராசுதார் பேரு வந்துடும், இவங்க வரமாட்டாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? சவுண்டு சர்வீஸ் குழாய் வந்து கல்யாண வீட்டுல இருந்த மேளத்து நேரத்தைச் சாப்பிட்டுது. முகூர்த்தத்துக்கு மட்டும் கெட்டிமேளம், மத்த நேரம் சினிமா பாட்டு வாசிங்கன்னு கேட்டாங்க. கோயில்கள்ல சுவிட்சு போட்டா மணியும் முரசும் தானே அடிக்கிற மோட்டார் மேளம் வந்துடுச்சு. இப்ப செண்டை மேளம் ஃபேஷன். 2022-ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம்தான். ஆச்சா மரத்தைக் கடைஞ்சு நாயனம் ஆக்குற கைக்கு அந்த மரியாதை வேணும். ஆனா நாயனத்துக்குக் குறியீடு கொடுத்தா போதுமா? நின்னு கேக்குற காது இல்லன்னா அதை யாருக்கு வாசிக்கிறது?

ஒரு பயிருக்கு விதை நெல் எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு கலைக்குக் கேக்குறவங்களும் விதைதான். செட் ஒண்ணு கலைஞ்சா இன்னொரு செட் சேரும். ஊர்ல கேக்கத் தெரிஞ்ச கடைசி நாலு பேரு போயிட்டா, அப்புறம் எந்த செட் வந்தும் பிரயோஜனம் இல்ல.

அடுத்த தடவை சொந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்தா, தீபாராதனை முடிஞ்சதும் கார் சாவியைத் தேடாதீங்க. வீதி முக்குல மேளம் நிக்கிற இடத்துல ஒரு அரை மணி நேரம் நில்லுங்க. முடிஞ்சதும் நாயனக்காரரையும் தவில்காரரையும் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"ன்னு கேளுங்க. சொல்ற பேரை எழுதி வச்சுக்கோங்க. அந்தப் பேரை அதுவரைக்கும் யாரும் எழுதாம இருந்திருக்கலாம்.